நகலுக்குத் தெரியாத நாற்பது நிமிடம்

சான் ஹோசே பால் கூட்டுறவில்
மாடிப்படிக்கு அடியில், துடைப்பங்கள் சாத்திய அறையில்
ஒரு பெட்டி விழித்திருக்கும்.
ஒன்று ஐம்பதுக்குக் கொழுப்புக் கணக்கு.
இரண்டுக்குத் தன்னைத் தானே நகலெடுக்கும்.
இரண்டேகாலுக்கு முன்னூற்றுப் பன்னிரண்டு பண்ணைகளுக்குப் பணம்.
இரண்டரைக்கு லாரிகளின் வழித்தாள்:
எந்த வண்டி, எந்த வாசல், எத்தனை லிட்டர்.
நாலு மணிக்கு வில்மார் பெந்தாங்கோர் வந்து
தாளை மடித்துச் சட்டைப்பையில் செருகிக் கிளம்புவார்.
அதை யார் அச்சடித்தது என்று அவர் கேட்டதில்லை,
நானும் சொன்னதில்லை.

ஆகஸ்ட் கடைசியில் சாந்தா ரோசா புயல்.
இரண்டு நாற்பதுக்கு ஒரு மின்னல்,
வட்டு செத்தது.
ஓடி வந்தேன், மழைக்கோட்டுக்குள் இரவு உடை.
நகல் இருந்தது. முழுசாக இருந்தது.
புது வட்டில் ஊற்றினேன்,
மூன்று இருபதுக்குப் பெட்டி கண் திறந்தது.
எனக்கு நானே கைகுலுக்கிக்கொண்டேன், அசட்டுத்தனமாக.

கண் திறந்தது
இரண்டு மணிக்குத் தூங்கப்போன பெட்டி.
இரண்டேகால் என்ற ஒன்று
அதன் வாழ்க்கையில் இன்னும் வரவில்லை.
கடிகாரத்தைப் பார்த்துப் பதறி,
விட்டுப்போன வேலை என்று எண்ணி
முன்னூற்றுப் பன்னிரண்டு பேருக்கும்
மறுபடி பணம் அனுப்பியது.
வழித்தாளையும் மறுபடி அச்சடித்தது.
நாணயமான பெட்டி. பாக்கி வைக்காது.

விடியலில் இபார்புரு பண்ணை வாசலில் இரண்டு லாரிகள்.
முதலாவது பாலோடு போயிற்று.
இரண்டாவது காலித் தொட்டிக்குள் குழாயை விட்டுக்
காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

பணம் பெரும்பாலும் திரும்பி வந்தது,
ஒன்பது பேர் தவிர.
அதில் ஒருத்தி, ஸெனைடா, டிராக்டருக்கு டயர் வாங்கிவிட்டாள்.
"கூட்டுறவு ஒருவழியாக என்னைக் கவனித்தது
என்றல்லவா நினைத்தேன்" என்றாள்.
அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.
டயர் நல்ல டயர்.

இப்போது ஒரு பக்கத்தில் திட்டம் கேட்கிறார் மேலாளர் எட்செவெரி.
அவருக்கு நகல் என்றால் எண்ணிக்கை:
எத்தனை, எங்கே, என்ன விலை.
எழுதுகிறேன். ஒன்று இங்கே, ஒன்று லிபர்தாத் கிளையில்,
ஒன்று வாரம்தோறும் வலையிலிருந்து கழற்றி அலமாரியில்.
அதுவரை கை தடையில்லாமல் போகிறது.

பிறகு நிற்கிறது.
நகலெடு என்று நினைவூட்டும் பட்டியலும்
அந்தப் பெட்டியில்தான்.
பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருக்கிறோம்,
ஏழு வருடமாக.
அது ஒரு நாள் மறந்தால்
மறந்தோம் என்பதும் அதற்குத் தெரியாது.

ஆகவே திட்டத்தில் வில்மாரைச் சேர்த்தேன்.
வழித்தாளின் அடியில் ஒரு வரி அச்சாகும்:
இன்றைய நகல் உண்டு.
வரி இல்லையென்றால்
லாரியை எடுக்குமுன் என் ஜன்னலைத் தட்டட்டும்.
"எவ்வளவு பலமாய், ஸுல்மா?"
அது ஒன்றுதான் கேட்டார்.

அப்புறம், சிவப்பு மையில்:
மீட்டதும் எழுப்பாதே.
முதலில் கையைக் கட்டு, எல்லா வரிசையையும் நிறுத்து.
வங்கியைக் கேள், என்ன போய்ச் சேர்ந்தது.
அச்சுத் தட்டைப் பார்.
லாரியின் மீட்டரைப் பார்.
நகல் தூங்கிய நேரத்தில்
ஊர் தூங்கவில்லை.

ஞாயிறு மதியம் ஒத்திகை.
பழைய கணினி, வலைக்கம்பி பிடுங்கி மேசைமேல்.
போன வாரத்து நகலை ஊற்றினேன்.
கையைக் கட்ட வேண்டுமென்றே மறந்தேன்,
என்ன செய்கிறது என்று பார்க்க.
விழித்தது. பதறியது.
எல்லோருக்கும் பணம் தரப் பார்த்தது,
வழி இல்லை என்றது, மறுபடி பார்த்தது,
முப்பது நொடிக்கு ஒருமுறை.
மாத்தே ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்றாவது முயற்சியில்
ஸெனைடாவின் பெயர் திரையில் ஓடியது.
திட்டத்தில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது:
ஒத்திகைக்கு முன் கம்பி பிடுங்கியிருக்கிறதா என்று
இரண்டு பேர் பார்க்க வேண்டும்.
எழுதினேன்.
பிறகு எழுந்துபோய்,
மேசைமேல் கிடந்த கம்பியை
இன்னும் கொஞ்சம் தள்ளிவைத்தேன்.